கமலவேணி மிஸ்ஸுக்குப் பேச்சு நின்ற நாள்

நெல்லித்தோப்பில் அந்த நர்சரி பள்ளி இருந்த சந்துக்குள் நுழையும்போதே யூகேஜி வகுப்பில் என்ன பாடம் நடக்கிறது என்று தெரிந்துவிடும். கமலவேணி மிஸ்ஸின் குரல் அப்படி. காய்கறி வண்டிக்காரர் மற்ற சந்துகளில் எல்லாம் கூவிக்கொண்டு வருவார். இங்கே வந்ததும் சும்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். கூவினாலும் யார் காதிலும் விழப்போவதில்லை.

மிஸ் பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம். பெரிய கூட்டுக் குடும்பத்தில் உரக்கக் கேட்காதவருக்கு இரண்டாவது கரண்டி குழம்பு கிடைக்காது. அங்கே பழகிய தொண்டை அது. கல்யாணமாகிக் கருவடிக்குப்பம் வந்தபோது, கணவராக வாய்த்த சுப்பிரமணியன் ‘ம்’, ‘ம்ஹூம்’ என்கிற இரண்டு சொற்களை வைத்தே குடும்பம் நடத்துகிறவராக இருந்தார். வீட்டில் பேச முடியாததையெல்லாம் வகுப்பில் வந்து கொட்டுகிறார் என்று பள்ளியில் சிலர் சொல்வதுண்டு. அது அநியாயம். வீட்டிலும் மிஸ்தான் பேசினார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதை அவர் மனமார நம்பினார். பேசாத பிள்ளையைக் கண்டால், காய்ச்சல் வந்த பிள்ளையைக் கண்டதுபோலப் பதறுவார். குணப்படுத்தாமல் விடமாட்டார்.

2006ஆம் ஆண்டு ஜூனில் தஹ்ஸீன் வந்து சேர்ந்தாள். அழகாக எழுதுவாள். பக்கத்துப் பிள்ளைக்கு ரப்பர் கொடுப்பாள். வாயை மட்டும் திறக்க மாட்டாள். பேர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள், அவ்வளவுதான். மிஸ் அவளை நாற்காலி மேல் நிறுத்திப் பாட்டுச் சொல்லச் சொன்னார். சாக்லேட் காட்டிப் பார்த்தார். “பயப்படாத! மிஸ்ஸ பாரு! சிரி! எங்க, சொல்லு!” என்று முகத்துக்கு நேரே குனிந்து ஊக்கப்படுத்தினார். ஊக்கம் கூடக்கூட அந்தப் பெண் பின்னால் சாய்ந்துகொண்டே போனாள்.

கடைசியில் அவளுடைய அத்தாவுக்கு ஆள் அனுப்பினார். நேரு வீதியில் பை கடை வைத்திருந்த ஜலால், கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

“புள்ள ஒரு வார்த்த பேச மாட்டேங்குது பாய். டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

ஜலால் திகைத்துப்போனார். “எங்க தஹ்ஸீனா மிஸ்? வூட்ல அவ வாய மூடினாத்தான நாங்க பேச முடியும்! ராத்திரி தூக்கத்துலகூட பேசுறா.”

பெற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று மிஸ் நினைத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் நர்சரி ஆசிரியைகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. பிள்ளைகளின் சுபாவம் பலவிதம், அமைதி ஒரு நோயல்ல, அதை மாற்றப் பார்க்காதீர்கள் என்று அங்கே சொன்னார்கள். மிஸ் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்ட சந்தேகங்களால் எல்லாருக்கும் சாப்பாடு தாமதமானது. ஆனால் திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை. ராத்திரியே அட்டை வெட்டி, வண்ணம் தீட்டி முகமூடிகள் செய்தார். கலகலப்பான பிள்ளை கிளி, துணிந்த பிள்ளை சிங்கம், தன் பாட்டுக்கு இருக்கிற பிள்ளை பூனை, அமைதியான பிள்ளை ஆமை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் முகமூடியை மாட்டிவிட்டு, “ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி. எல்லாரும் நல்லவங்கதான்” என்று பாடம் நடத்தினார்.

பாடம் அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே மனசில் பதிந்துவிட்டது.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ராஜா எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனான். கேட்டால், “நான் சிங்கம் மிஸ். அப்பிடித்தான் இருப்பேன்” என்றான். அபி, மிஸ் பேசும்போதே பேசினாள், கிளியாம். ஹரிகிருஷ்ணன் ஒரே ஒரு ‘அ’ எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டது, ஆமையாம். பக்கத்து டிபன் பாக்ஸிலிருந்து வறுத்த மீனை எடுத்த சரிதா, “பூனை எடுக்கும் மிஸ்” என்று விளக்கம் சொன்னாள்.

ராஜாவின் அம்மா தனக்கொடி வந்து நின்றாள். “சோறு வெக்கிறதுக்கு முன்னாடியே உறுமுறான் மிஸ். அவங்க அப்பாவுக்கும் வெளங்கல, எனக்கும் வெளங்கல.”

தலைமை ஆசிரியை அஞ்சலாட்சி வகுப்பு வாசலில் நின்று பார்த்தார். “ஏன் கமலவேணி, இது க்ளாஸா, சர்க்கஸா?”

அந்தக் குழப்பம் தீர்வதற்குள் பிள்ளைகளை நோணாங்குப்பம் படகுத்துறைக்கு அழைத்துப்போகிற நாள் வந்தது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் ஏறினார்கள். வேனில் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த மிஸ், பேசிக்கொண்டே படகில் கால் வைத்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பேச்சு நின்றது.

ஏரிப் பாசனத்து ஊரில் பிறந்தும் மிஸ் அதுவரை படகு ஏறியதில்லை. இவ்வளவு பயம் தனக்குள் இருப்பது அவருக்கே தெரியாது. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கி, காலுக்குக் கீழே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளைகளுக்கு முதலில் எதுவோ குறைகிற மாதிரி இருந்தது. பிறகுதான் என்னவென்று புரிந்தது.

“மிஸ் பேச மாட்டேங்கறாங்க!” என்று அபி கத்தினாள்.

உடனே எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். “பயப்படாதீங்க மிஸ்!” “இங்க பாருங்க மிஸ்!” “சிரிங்க மிஸ்! எங்க, சிரிங்க!” ராஜா அவர் முகத்துக்கு நேரே குனிந்து, “சொல்லுங்க மிஸ், சொல்லுங்க!” என்று ஊக்கப்படுத்தினான்.

அத்தனையும் மிஸ்ஸின் சொந்தச் சரக்கு. குரல்கூட அதேதான். ஒவ்வொரு ‘சிரிங்க’வுக்கும் அவர் இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். இதுகள் கொஞ்சம் சும்மா இருந்தால் போதும் சாமி என்று அவர் மனசு கெஞ்சியது.

தஹ்ஸீன் மட்டும் எதுவும் சொல்லவில்லை. நகர்ந்து வந்து மிஸ்ஸின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கரையில் இருந்த தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னக் கை ஒன்று மிஸ்ஸின் முழங்கை மேல் கிடந்தது. பாரடைஸ் பீச் வரும்வரை அப்படியே கிடந்தது.

மணலில் கால் பட்டதும் மிஸ்ஸுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. அன்று பூராவும் பேசினார். ஆனால் திரும்பும்போது, படகில் யாரும் சொல்லாமலே தஹ்ஸீன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை வகுப்பில் கேட்டார்: “நான் எந்த முகமூடி?”

“கிளி!” என்றது வகுப்பு.

“அப்ப போட்ல?”

அபிதான் சொன்னாள்: “க்ளாஸ்ல கிளி மிஸ். போட்ல ஆமை.”

“எங்க அத்தா வூட்ல பூனை, கடையில சிங்கம்” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். மிஸ் திரும்பிப் பார்த்தபோது தஹ்ஸீன் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். மிஸ் ஓடிப்போய் அவளைத் தூக்கிக் கொண்டாடவில்லை. ஆசையாகத்தான் இருந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து முகமூடிகள் மேசை மேல் குவியலாகக் கிடந்தன. காலையில் யாருக்கு எது தோன்றுகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு விதி. “சிங்கமா இருந்தாலும் கொழாயில வரிசையிலதான் நிக்கணும். பூனையா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் மீன் எடுக்கணும்.” ராஜா இரண்டு நாள் ஆமையாக இருந்து பார்த்தான், மூன்றாம் நாள் போரடிக்கிறது என்று விட்டுவிட்டான். தனக்கொடி அந்த இரண்டு நாளும் நிம்மதியாகச் சோறு வைத்தாள்.

மிஸ்ஸின் சுபாவம் மட்டும் லேசில் மாறவில்லை. பொங்கல் லீவு முடிந்து வந்த அன்று, லீவில் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். ஹரிகிருஷ்ணன் எழுந்தான். “எங்க வூட்ல... எங்க வூட்ல...”

“பொங்கல் வச்சீங்க!” என்று மிஸ் முடித்தார். “கரும்பு தின்ன! மாடு—”

“மிஸ்.”

தெளிவான குரல். தஹ்ஸீன் எழுந்து நின்றிருந்தாள்.

“அவன் இன்னும் சொல்லி முடிக்கல மிஸ்.”

மிஸ்ஸின் முகம் சிவந்தது. பிறகு அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கட்டி, வாயில் விரல் வைத்துக்கொண்டார்.

“எங்க வூட்ல...” என்றான் ஹரிகிருஷ்ணன். எச்சில் விழுங்கினான். ஜன்னலைப் பார்த்தான். மிஸ்ஸின் கால் மேசைக்கடியில் தவியாய்த் தவித்தது. “எங்க வூட்ல ஆடு குட்டி போட்டுச்சு. ஒண்ணு கருப்பு. ஒண்ணு... ஒண்ணுக்கு ஒரு காது மட்டும் வெள்ள.”

அத்தனை வருஷத்தில் அந்த வகுப்பில் ஒரு பிள்ளை அவ்வளவு நேரம் எடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. சந்து அமைதியாகக் கிடந்ததைப் பார்த்து, அஞ்சலாட்சி பயந்துபோய் ஆபீஸிலிருந்து எழுந்து வந்தார்.