சக்கரம் வைத்த வீடு

அந்தக் கேரவன் மேல் முதல் அடி அடித்தது நான் இல்லை, என் தங்கை. கையில் கடப்பாரை. கீழுதட்டில் இன்னும் பிரிக்காத தையல். எஸ்டேட்டில் கோழி அடைத்து வைத்திருந்த வண்டி அது. அவள் அடித்த அடியில் உட்சுவரின் உளுத்த பலகை பொடிந்து, அதன் பின்னாலிருந்த எலிக்கூடு மொத்தமும் அவள் காலடியில் கொட்டியது. அவள் நகரவில்லை. மறுபடியும் ஓங்கினாள்.

"பாத்து அடி அம்மிணி, கூரை மேல உழுந்துரும்" என்றேன்.

"உழுகட்டுங்ண்ணா."

அவள் புருஷன் மசினகுடியில் ஒரு ரிசார்ட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவன். வருகிறவர்களை யானை பார்க்கக் கூட்டிப்போவான். காட்டுக்குள் அவ்வளவு அமைதியாக வண்டி ஓட்டுவானாம், ஒரு மான்கூட மிரளாதாம். வீட்டில் கதவைச் சாத்தினால் வேறு ஆள். உதடு கிழிந்த அன்றைக்குக் காலை பஸ்ஸில் ஒரே ஒரு பையோடு வந்து என் பட்டறை வாசலில் இறங்கினாள்.

கட்டபெட்டு ரோட்டோரத்தில் எனக்கு ஒரு சின்ன டிங்கரிங் பட்டறை. இடித்துக்கொண்டு வரும் வண்டிகளின் நசுங்கலை எடுப்பதுதான் தொழில். பட்டறைக்கு மேலே ஒற்றை அறை. அதில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். அவளுக்கு எங்கே இடம்? பின்னாலிருந்த காலி மண்ணில் ஒரு அறை கட்டலாமென்றால், இந்த மலையில் ஒரு செங்கல் வைக்கவும் அனுமதி வேண்டும். வாங்குவதற்குள் கிழவனாகிவிடலாம். இதையெல்லாம் நான் புலம்பிக்கொண்டிருந்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"உள்ளாற இருந்து தாப்பா போடற மாதிரி எனக்கு ஒரு கதவு வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அப்போதுதான் எஸ்டேட் பங்களாவின் பின்புறம் கிடந்த அந்த வண்டி ஞாபகம் வந்தது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற வீடு; வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போனது என்று சொல்வார்கள். பாம்பு அடைகிறது, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார் மேனேஜர். சக்கரம் இருப்பதால் அது கட்டடம் ஆகாது; அனுமதி தேவையில்லை. டயர்கள் மண்ணோடு மக்கிப்போயிருந்தன. கிரேன் வைத்து லாரியில் ஏற்றி வந்தோம்.

பெயிண்டைச் சுரண்டினேன். மேலே பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் பாலாடை நிறம். கதவுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு இங்கிலீஷில் ஏதோ பொறித்த ஒரு பித்தளைத் தகடு தட்டுப்பட்டது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், கூட்டிப் படிக்க வராது. தங்கை பன்னிரண்டு வரை படித்தவள். பழைய கேரவன் பித்துப் பிடித்த வெளிநாட்டுக்காரர்கள் கூடும் ஒரு குழுவைப் போனில் தேடிப் பிடித்து, படங்களைப் போட்டாள். ஜன்னல் சட்டத்தைக் காட்டு, கூரையின் வளைவைக் காட்டு, அடிப்பாகத்தைக் காட்டு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் சேற்றில் மல்லாந்து படுத்துப் படம் எடுத்தேன். இது எங்கள் அப்பா பிறந்த காலத்து இங்கிலாந்து வண்டி, செய்த கம்பெனி மூடியே வெகுகாலம் ஆகிறது என்று கடைசியில் ஒரு பெரியவர் அடையாளம் சொன்னார். கூடவே ஒரு எச்சரிக்கையும் எழுதியிருந்தார். தங்கை படித்துச் சொன்னாள்.

முன்னால் நீளும் சட்டத்தின் நுனியில் கிண்ணம் போல ஒரு கப்ளிங் இருக்கும். இழுக்கிற வண்டியின் பின்னாலிருக்கும் இரும்புக் குண்டு அதற்குள் போய் உட்காரும். இது பழைய இரண்டு அங்குலக் கிண்ணம். இப்போது வருகிற குண்டுகள் ஒரு மயிரிழை சின்னவை. மாட்டினால் மாட்டும், பூட்டியது போலவும் தெரியும். நம்பி ஓட்டாதே.

எங்கள் தொழிலில் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை நூல் என்போம். வித்தியாசம் கால் நூல்தான். தேய்மானத்தையும் சேர்த்தால் அரை நூல் வரும். அதற்கே எனக்குத் தூக்கம் போயிற்று.

"நாம என்ன இதை ஊட்டி கோயமுத்தூருன்னு இழுத்துட்டா திரியப் போறோம்? பேசாம தகட்டத் தட்டுங்க" என்றாள்.

தட்டினோம். நான் வெளியிலிருந்து, அவள் உள்ளிருந்து. என்னுடைய அடி எப்போதும் பயந்த அடி. தகடு கிழிந்துவிடுமோ என்று பொத்திப் பொத்தி அடிப்பேன். அவள் அடிப்பது அப்படி இல்லை. ஒவ்வொரு அடிக்கும் எதிரில் ஒரு முகம் இருப்பது போல அடித்தாள். காலையில் தொடங்கினால் சாயங்காலம் தோளைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருப்பாள். முகத்தில் மட்டும் ஒரு தெளிச்சி இருக்கும்.

தகடுகளை ஏற்றி முடித்த வாரம் அவள் புருஷன் வந்தான். ரிசார்ட் ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, என் ஸ்டூலில் உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த டீயையும் குடித்தான்.

"என்ன மச்சான், தங்கச்சிக்கு பங்களா கட்றீங்களாமா?"

"கோவம் ஆறட்டும் மாப்ள, பேசிக்கலாம்" என்றேன்.

"பேசறதுக்கு என்னங்க இருக்குது. கீழதான் சக்கரம் இருக்குதே. ஒரு நாளைக்கு வந்து ஊட்டோட இழுத்துட்டுப் போயிடறேன். உங்களுக்கும் சோத்துச் செலவு மிச்சம்."

சிரித்தபடியே எழுந்து, புதுத் தகட்டில் ஒரு உதை விட்டான். உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழுந்தது. உள்ளே தங்கை இருந்தாள். வெளியே வரவில்லை. உள்ளிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. அவன் கண் முன்னாலேயே குழி கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பித் தட்டையானது. அவன் சிரிப்பு நின்றுவிட்டது. டம்ளரைத் தரையில் அடித்துவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் நான் பயப்பட்டதற்குக் கணக்கில்லை. அவனுக்குப் பயந்தேன். காஸ் சிலிண்டருக்குப் பயந்தேன். கரடிக்கு ரொம்பவே பயந்தேன். எங்கள் பக்கம் கரடி கதவைப் பெயர்த்து உள்ளே புகுந்து எண்ணெயையும் சர்க்கரையையும் தின்றுவிட்டுப் போகும். பேக்கரி, கோயில், ரேஷன் கடை எதையும் விட்டதில்லை. தங்கை வெளியே போகும் நேரத்துக்கென்று கதவின் வெளிப்புறமும் கனமான ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். பூட்டு கிடையாது, கரடிக்குத் தாழ்ப்பாளை இழுக்கத் தெரியாதல்லவா.

பழைய பாலாடை நிறத்தையே அடித்து, புது டயர் மாட்டி, ஜன்னல்களுக்குச் சூடாக்கி வளைத்த அக்ரிலிக் கண்ணாடிப் பலகை வைத்து, தங்கை குடிபுகுந்து சில நாள்தான் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் ஜன்னல் ரப்பர் வாங்க பைக்கில் ஊட்டி போனேன். மனைவி பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். திரும்பும்போது மஞ்சு இறங்கி ரோடு பாதி மறைந்திருந்தது. எதிரே ஒரு ஜீப் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. அதன் பின்னால் பாலாடை நிறத்தில் பெரிதாக ஏதோ ஆடி ஆடி வந்தது. என்னைக் கடந்தபோதுதான் அது எங்கள் வண்டி என்று தெரிந்தது. ஜன்னலில் தங்கையின் இரண்டு கைகள். கண்ணாடியைக் குத்திக்கொண்டிருந்தன.

அவன் வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, ரிசார்ட்டின் விறகு டிரெய்லரை இழுக்க ஜீப்பில் வைத்திருந்த குண்டில் மாட்டி, அவளோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறான்.

பைக்கைத் திருப்பினேன். ஹாரனை அமுக்கியபடியே பின்னால் ஓட்டினேன். அவன் வேகத்தைக் கூட்டினான். ஒவ்வொரு குழியிலும் வண்டியின் மூக்கு எழும்பி எழும்பி விழுந்தது. எனக்கு அந்த அரை நூலைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை. நிறுத்து, நிறுத்து என்று கத்தினேன். அவன் என்னைக் கண்ணாடியில் பார்த்திருப்பான்; காலில் விழுந்து கெஞ்சுகிறவன் என்று நினைத்திருப்பான்.

இறக்கத்தில் திரும்பும்போது கழன்றது. ஜீப் ஒரு பக்கம் போனது, வண்டி ஒரு பக்கம் போனது. முன்சட்டம் தாரைக் கிழித்துத் தீப்பொறி தெறிக்க, ரோட்டோரத்துக் கல்லை உடைத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிற்று. வயதான தேயிலைச் செடியின் அடிமரம் தொடை கனம் இருக்கும். நாலைந்து வரிசையை முறித்துச் சாய்த்த பிறகுதான், ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது.

நான் பைக்கைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் முன் ஜன்னல் உடைந்து வெளியே சிதறியது. அதை வளைத்து எடுக்க எனக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. தங்கை சுத்தியலோடு அந்த வழியாக வந்து விழுந்தாள். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தத்தில் ஒரு கண் மூடியிருந்தது.

அவனும் ஜீப்பை நிறுத்திவிட்டு வீல் ஸ்பானரோடு இறங்கி வந்தான். நான் நடுவில் போய் நின்றேன். தைரியத்தில் இல்லை, ஓடி வந்த வேகத்தில். "மாப்ள, வேண்டாம்" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, விலாவில் விழுந்தது. மூச்சு வாயில் வராமல் செடிக்குள் விழுந்தேன். இரண்டாவது அடிக்கு அவன் கையைத் தூக்கியபோது தங்கை அடித்தாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், எலும்பின் மேல். காய்ந்த விறகு முறிகிற சத்தம். ஸ்பானர் கீழே விழுந்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அவள் மறுபடியும் ஓங்கினாள்.

மேல் காட்டில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு இறங்கி வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் கொழுந்து வெட்டும் பெரிய கத்தரி. அதில் மூத்தவர் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும் பிள்ளை. செத்துப் போனா உனக்குத்தான் ஜெயிலு."

அவன் முனகிக்கொண்டே எழப் பார்த்தான். இன்னொரு பெண் கத்தரியை அவன் மூக்குக்கு நேரே ஒரு தரம் திறந்து மூடினார். "எங்க தம்பி போறீங்க? போலீசு வரட்டும், குந்துங்க."

தங்கை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கரடிக்குத் தாப்பா வெச்சீங்களே, நல்லா வெச்சீங்க. அந்த நாய் அதுல கரடியவே உள்ள வெச்சுப் பூட்டிருச்சு" என்றாள். எனக்கு விலா வலியில் சிரிக்க முடியவில்லை.

போலீஸ் வந்தது, கேஸ் ஆனது. வண்டியை மறுபடியும் கிரேன் வைத்துத் தூக்கி வந்தோம். கொஞ்ச நாள் கழித்து அவனுடைய சித்தப்பா சமாதானம் பேச வந்தார். நல்ல மனிதர்தான், பழம் எல்லாம் வாங்கி வந்திருந்தார். எனக்கோ இரண்டு பக்கமும் பயம். ஒத்துக்கொள்ளவில்லையென்றால் என்ன செய்வார்களோ, ஒத்துக்கொண்டால் இவள் என்ன ஆவாளோ.

"ஏம்மா, தோள் முறிஞ்சு கெடக்கறான். புத்தி வந்துருச்சுன்னு அழுவறான். நம்ம ஊட்டுக்கு வந்துரு கண்ணு" என்றார் அவர்.

தங்கை எழுந்தாள். பட்டறைக்குள் போய் இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்து வந்தாள். இழுக்கும் சட்டத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மிணி, அது அந்தக் காலத்து இரும்பு. வெட்டுனா வெட்டுனதுதான்" என்றேன். "சக்கரமும் ஓடாம போச்சுன்னா நாளைக்கு ஆபீசுல இருந்து வந்து கட்டடம்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டுங்ண்ணா. வந்தா என்கிட்ட பேசச் சொல்லுங்க. இனி இதுக்கு மூக்கணாங்கயிறு வேண்டாம்."

கிரைண்டர் இரும்பில் பட்டதும் சித்தப்பா காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார். தீப்பொறி அவர் வேட்டி ஓரம் வரைக்கும் வந்தது. ஏதோ சொன்னார், கேட்கவில்லை. பழப்பையை அங்கேயே வைத்துவிட்டு ரோட்டுக்கு ஏறிப் போனார். அவள் ஒரு பக்கச் சட்டத்தை முடித்து அடுத்த பக்கத்துக்குப் போனாள். நான் அடியில் கற்களைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் சட்டம் முழுசாகக் கழன்று தரையில் விழுந்தபோது வண்டி ஒருமுறை முனகி, முன்பக்கமாகக் கல்லின் மேல் உட்கார்ந்தது.

அவள் உள்ளே போனாள். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்துக் குனிந்து பார்ப்பது உடைந்த ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"இந்தப் பக்கம் சாயுது. இன்னொரு கல்லுக் குடுங்ண்ணா" என்றாள்.