ப்ரெசன்ட் மிஸ்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் பயந்துபோனேன்.

இருட்டில் பயப்படுவது எனக்குப் பழக்கம்தான். கரண்ட் போனால் அலறுகிற ஆள் நான். ஆனால் மதியச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு, வெயில் கொளுத்துகிற நேரத்தில், சொந்தத் தங்கை வீட்டு ஹாலில் பயப்படுவது... இதுதான் முதல் தடவை.

தங்கை சுமதிக்கு நாகல் நகரில் வீடு. ஞாயிறு என்றால் நான் அங்கே ஆஜர். அன்றைக்கு பிரியாணி. சாப்பிட்டதும் வீடே உருண்டு படுத்துவிட்டது. எனக்கு மட்டும் தாகம். சொம்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன்.

அங்கே சுமதியின் மகள் வர்ஷினி நின்றுகொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. எனக்கு முதுகைக் காட்டி, டிவியைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு கைகளும் காதை ஒட்டி மேலே. குதிகால் இரண்டும் சேர்ந்தபடி. ஆடவில்லை, அசையவில்லை.

என்ன படம் என்று கேட்க வாயெடுத்தேன். அப்புறம்தான் கவனித்தேன் - டிவி ஓடவே இல்லை.

அணைந்து கிடந்த டிவியின் கறுப்பில் அவள் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். பல் அத்தனையும் தெரிய, எதிரே யாரோ உட்கார்ந்திருப்பது போல ஒரு சிரிப்பு. கண்ணில் மட்டும் அது இல்லை. அதே கறுப்பில் அவளுக்குப் பின்னால் சொம்போடு நானும் தெரிந்தேன். அவள் பார்த்திருப்பாள். திரும்பவே இல்லை.

வந்த வழியே போய்ப் படுத்துக்கொண்டேன். தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் காப்பி குடிக்கும்போது சுமதியிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அய்யோ அக்கா... அது ப்ரெசன்ட்டு! மிஸ் வீட்டுல பழகச் சொல்லிருக்காங்க. பீரோ கண்ணாடி பூரா இவ ஸ்டிக்கரா ஒட்டி வச்சிருக்கா. அதான் டிவி முன்னாடி நிக்கிறா."

விஷயம் இதுதான். வர்ஷி ஒண்ணாம் வகுப்பிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொள்கிறாள். சொல்லித்தருகிற ரேவதி மிஸ், ஒரு காலத்தில் மாநில அளவில் ஆடியவர். பழைய வெங்காய குடோன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மெத்தை விரித்து, கிளாஸ் நடத்துகிறார். வெங்காயம் போய் எத்தனையோ வருஷமாகியும் வாடை போகவில்லை. உள்ளே நுழைந்தால் எனக்குக் கண் கரிக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏனோ கரிப்பதில்லை.

ஆட்டத்தை ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் நடுவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கி, நாடியை நிமிர்த்தி, சிரிக்க வேண்டுமாம். அதற்குப் பெயர் 'ப்ரெசன்ட்'. ரேவதி மிஸ் அந்தச் சொல்லைச் சொன்னதும் பிள்ளைகள் கையைத் தூக்குவார்கள். நடுவில் விழுந்தாலும் எழுந்து அதே ப்ரெசன்ட். அதே சிரிப்பு.

வர்ஷிக்குத் தெரிந்த ப்ரெசன்ட் ஒன்றே ஒன்றுதானே? ஸ்கூலில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது சொல்வது! அந்த ஞாயிறுக்குப் பிறகு ஒருநாள் கிளாஸ் டீச்சர் "வர்ஷினி" என்று வாசித்திருக்கிறார். இவள் பெஞ்சிலிருந்து வெளியே வந்து, குதிகாலைச் சேர்த்து, இரண்டு கைகளையும் தூக்கி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "ப்ரெசன்ட் மிஸ்!" என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. கேள்விப்பட்டு நாங்களும் சிரித்தோம்.

அப்புறம் வீட்டில் யார் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கை மேலே போனது. அதற்கும் சிரித்தோம். எது விளையாட்டு, எது விளையாட்டு இல்லை என்று பெரியவர்களுக்கு எப்போதுமே லேட்டாகத்தான் உறைக்கிறது, இல்லையா?

இந்த நேரத்தில்தான் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. மதுரையில் போட்டி வருகிறது. வர்ஷியை அனுப்புவதா, வேண்டாமா?

ரேவதி மிஸ் வேண்டாம் என்றார். "இன்னும் ஒரு வருஷம் பேசிக்ஸ் பண்ணட்டும்" என்பது அவர் கட்சி. சுமதியின் வீட்டுக்காரர் செந்தில் விடுவாரா?

"மதினி, நீங்களே சொல்லுங்க. நீச்சல் கத்துக்கிட்டா கெணத்துல குதிக்கணும்ல? போட்டிக்குப் போகாம இந்தக் குட்டிக்கரணம் எதுக்கு? பைபாஸ் பக்கம் இன்னொரு கிளாஸ் இருக்கு. அங்கன சேந்த மூணாம் மாசமே கூட்டிட்டுப் போறாங்க."

"மெடல் வாங்கலன்னா பிள்ள மனசு உடைஞ்சிருமே" என்று சுமதி.

"ஏன் வாங்க மாட்டா? சொல்லுக்கா, பத்திரிகையில எழுதுறவ நீ, ஒரு தீர்ப்பு சொல்லு" என்று அடுத்த நிமிஷமே அதே சுமதி.

நான் என்ன சொல்ல? இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நான் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டினேன். கடைசியில் ரேவதி மிஸ் இறங்கி வந்தார். குடோனிலேயே சனிக்கிழமை ஒரு ட்ரையல் வைப்போம், பெற்றோர் முன்னால் தடுமாறாமல் செய்தால் மதுரைக்குப் போகட்டும் என்று முடிவாயிற்று.

செந்திலுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை. எங்கள் ஊரில் பிறந்தால் ஃப்ளெக்ஸ், காது குத்தினால் ஃப்ளெக்ஸ், செத்தால் ஃப்ளெக்ஸ். அப்படிப்பட்ட மனிதர் ட்ரையல் வரைக்கும் பொறுப்பாரா?

நான் ஆட்டோவில் அந்தப் பக்கம் போனேன். கடை வாசலில், மாடி உயரத்துக்கு வர்ஷி. இரண்டு கைகளும் மேலே. அதே சிரிப்பு, ஒவ்வொரு பல்லும் என் உள்ளங்கை அளவுக்கு. சின்னப் பிள்ளை முகம் அத்தனை பெரிதாகத் தெருவில் சிரித்தால் எங்கள் ஊரில் மனசு முதலில் எங்கே போகும்? தோற்றம், மறைவு என்று கீழே இரண்டு தேதி போட்டிருக்கிறதா என்றுதான் என் கண் தேடியது. இல்லை. 'திண்டுக்கல்லின் தங்கமே! வெற்றி நமதே!' என்று இருந்தது. கழுத்தில் தங்க மெடல் வேறு.

"பாப்பா எதுலக்கா ஜெயிச்சுச்சு?" என்றார் ஆட்டோக்காரர்.

"இன்னும் போட்டிக்கே போகல தம்பி."

"அப்ப அந்த மெடலு?"

ஆட்டோ திரும்புகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது.

ட்ரையலுக்கு முந்தின நாள் சாயங்காலம் சுமதி வீட்டில் இருந்தேன். நல்ல காற்று. வர்ஷி வாசல் நிலையில் கை வைத்து நின்றிருந்தாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

விரல் நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அழுகைச் சத்தம் கேட்கவில்லை.

ஓடிப்போய்க் கதவை இழுத்தேன். வர்ஷி ஒரு எட்டு பின்னால் வைத்தாள். குதிகாலைச் சேர்த்தாள். இரண்டு கைகளும் மேலே போயின. நாடி நிமிர்ந்தது. சிரித்தாள்.

விரல் நுனியிலிருந்து ரத்தம் மணிக்கட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு இறங்கவில்லை.

"வலிக்குதா தங்கம்?"

"இல்ல பெரியம்மா."

"அழுதுருடா... அழு!"

"அழுதா பாயிண்ட் போயிரும்."

எனக்குத்தான் அழுகை வந்தது. ஈரத்துணியைச் சுற்றுவதற்காக அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்ததும் அந்தச் சிரிப்பு இன்னும் அகலமாயிற்று. விட்டேன், சுருங்கியது. மறுபடி லேசாக அழுத்தினேன். அகலமாயிற்று. அடிபட்டது விரலில்தானே, மணிக்கட்டில் என்ன? அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பிள்ளைக்கு வலிக்க வலிக்கச் சிரிப்பு பெரிதாகிறது!

செந்திலிடம் சொன்னேன். "சிரிக்கிறாளே மதினி, வலிச்சா சிரிப்பாளா?" என்றார். சுமதி மணிக்கட்டில் தைலம் தடவினாள். வர்ஷி தைலம் தடவி முடிகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை எல்லாருக்கும் முந்தி நான் குடோனுக்குப் போய்விட்டேன். ரேவதி மிஸ் மெத்தை விரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அப்படியே மெத்தையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான்க்கா சொல்லிக் குடுத்தேன். விழுந்தாலும் சிரிக்கணும், வலி முகத்துல தெரியக் கூடாதுன்னு. எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. என் கல்யாண ஆல்பத்தப் பாருங்க, எல்லா போட்டோலயும் ஒரே சிரிப்பு. எங்க அம்மா செத்தப்போ எடுத்த போட்டோ ஒண்ணு இருக்கு..." நிறுத்திக்கொண்டார். "அதுலயும்."

எழுந்தார். ஆடிய காலத்தில் கெட்டுப்போன முட்டியாம், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. எழும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதே சிரிப்பு. பல் அத்தனையும். சிரிக்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

அதற்குள் பெற்றோரும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். ரேவதி மிஸ் வர்ஷியைத் தனியே கூப்பிட்டு மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார்.

"வலிக்குதாடா?"

"இல்ல மிஸ்." சிரிப்பு.

"மிஸ்கிட்ட உண்மையச் சொல்லணும்."

"இல்ல மிஸ்." இன்னும் பெரிய சிரிப்பு.

ரேவதி மிஸ் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னது சரிதான்க்கா. வலிக்குது. ஆனா, இவ வாயில இருந்து வர மாட்டேங்குதே."

"மிஸ், ஆரம்பிக்கலாமா?" என்று செந்தில் நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். பிள்ளைகள் தாங்களாகவே வரிசையில் போய் நின்றுவிட்டார்கள். வர்ஷியும் ஓடிப்போய் நடுவில் நின்றாள். எல்லா அப்பா அம்மா கைகளிலும் செல்போன். ரேவதி மிஸ் தயங்கினார். பிறகு, வாய்ப் பழக்கமோ என்னவோ, அந்தச் சொல் வந்துவிட்டது.

"ப்ரெசன்ட்!"

ஒரே நேரத்தில் அத்தனை கைகளும் மேலே போயின. அத்தனை முகங்களிலும் ஒரே சிரிப்பு, அச்சடித்தது போல. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாகச் சாயங்கால வெயில் அந்தப் பற்களில் விழுந்தது. ஒரு சத்தம் இல்லை. எந்தப் பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம்தான் பார்த்தேன், வரிசையில் ஒரே ஒரு ஜோடிக் கை மட்டும் மேலே போகவில்லை.

"வர்ஷி! கை! கையத் தூக்கு!" செந்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

வர்ஷி மிஸ்ஸையே பார்த்தாள். உதடு கோணியது. ஸ்கூலில் வராத பிள்ளைக்காகப் பக்கத்துப் பிள்ளை எழுந்து சொல்லுமே, அந்தக் குரலில் தன்னைப் பற்றித் தானே சொன்னாள்.

"வர்ஷினி ஆப்சென்ட் மிஸ்."

யாரோ சிரித்தார்கள். அடுத்த நொடி அவள் அழுதாள் பாருங்கள்... குடோனே அதிர்ந்தது. எத்தனை நாள் அழுகையோ!

ரேவதி மிஸ் ஓடிப்போய் முட்டி போட்டு அவளை அணைத்துக்கொண்டார். அப்போது வரிசையின் ஓரத்திலிருந்து இன்னொரு குரல். கை மேலேதான் இருந்தது, சிரிப்பும் கலையவில்லை.

"கீர்த்தனா ஆப்சென்ட் மிஸ்."

அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. செல்போன்களும் இறங்கின.

டாக்டர் வர்ஷியின் மணிக்கட்டை அழுத்திப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு வளர்கிற இடத்தில் வீக்கம். சில மாதங்களுக்குக் கை ஊன்றவே கூடாது, இதோடு மதுரைக்குப் போயிருந்தால் கை கோணலாக வளர்ந்தாலும் வளர்ந்திருக்கும் என்றார். செந்தில் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கிட்டயும் அப்படித்தான் சிரிச்சா மதினி. அவ சந்தோஷமா இருக்கான்னுல நெனச்சேன்."

யார்தான் நினைக்கவில்லை? போட்டியா பயிற்சியா என்று நாங்கள் பட்டிமன்றம் நடத்தியபோது, அவள் எங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள், சிரித்துக்கொண்டு. இப்போது ரேவதி மிஸ் ஒரு புது ரூல் போட்டிருக்கிறார். கரணம் எப்படி அடிக்கிறது என்பது அப்புறம்தான். ஆப்சென்ட் சொல்லத் தெரிந்த பிள்ளையைத்தான் போட்டிக்குக் கூட்டிப்போவாராம். என் தீர்ப்பைக் கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன்.

ஃப்ளெக்ஸ் என்ன ஆயிற்று? எங்கள் ஊரில் எல்லா ஃப்ளெக்ஸுக்கும் ஆவதுதான். செந்தில் அதைக் கழற்றி, படம் உள்பக்கமாக வருகிற மாதிரி பைக்கை மூடிவிட்டார். நேற்று அடித்த காற்றில் அது புரண்டு தரையில் விரிந்து கிடந்தது. மெடல், கை, சிரிப்பு எல்லாம் வானத்தைப் பார்த்தபடி. மழை விழுந்துகொண்டிருந்தது. கையில் கட்டோடு வர்ஷி வாசலில் நின்று அதையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பாவம் பெரியம்மா. அவ எம்புட்டு நேரமா கையத் தூக்கிட்டே நிக்கிறா!"