கறை எடுத்த தபால்தலைகள்

பழைய கடித உறையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் புளித்த கஞ்சியின் வாடை எழும். எட்டாம் வகுப்புக் கோடை முழுவதும் கிணத்துக்கடவில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அந்த வாடைதான். அப்பா மூட்டை தூக்கிய பழைய பேப்பர் கடையில் யாரோ எடைக்குப் போட்ட ஒரு காகிதக் கட்டுக்குள் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கடித உறைகள் இருந்தன. உறையோடு வைத்திருந்தால்தான் மதிப்பு என்பது தெரியாமல், நான் தபால்தலைகளை மட்டும் உரித்து எடுத்தேன்.

எனக்குத் தலைகளைவிட அவற்றின்மேல் விழுந்த முத்திரைகள்மேல்தான் பைத்தியம். ஒருமுறை ஒட்டியதை யாரும் மறுபடி ஒட்டிவிடாதபடி, அந்தக் காலத்து அஞ்சல் ஊழியர்கள் தக்கையில் தாங்களே உருவம் செதுக்கி, மையில் தோய்த்துக் குத்துவார்களாம். நட்சத்திரம், இலை, சிலுவை. கறுப்பு, நீலம், காய்ந்த ரத்தச் சிவப்பு. நீள நோட்டில் எண், உருவம், நிறம், குத்திய கை அசைந்ததா என்பதுவரை எழுதினேன்.

"ஏஞ் சாமி, வெள்ளக்காரன் எச்சி தொட்டு ஒட்டுனத எண்ணி என்னடா பண்ணப்போற?" என்று அப்பா சிரிப்பார்.

பள்ளி திறந்ததும் மாவட்டக் கண்காட்சிக்கு என் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் பெயர், அட்டையில் எழுதப்பட்டு நாலு பேர் பார்வைக்குப் போவது அதுதான் முதல்முறை. திங்கட்கிழமை நாற்பத்தொரு முத்திரைகளோடு போக வேண்டும். ஞாயிறு காலை நான் 'சார்ட்' அட்டை வாங்கப் போனேன்.

அம்மா அப்போது பனியன் கம்பெனியில் 'செக்கிங்' வேலையில் இருந்தார். துணியில் படிந்த எண்ணெய்க் கறையை மருந்து தொட்டு எடுப்பதில் அவர் கைக்கு அங்கே பேர் உண்டு. "ஒரு புள்ளி இருந்தாலும் பீஸு ரிஜெக்ட்டு" என்பது அவர் அடிக்கடி சொல்வது. நான் திரும்பியபோது துண்டின்மேல் நாற்பத்தொரு தலைகளும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் கம்பெனி மருந்து, பஞ்சு. நீலத்துக்கும் சிவப்புக்கும் சுவடே இல்லை. கறுப்பு, புகைபோல் இழுபட்டிருந்தது. சில தலைகளில் அச்சிட்டிருந்த மனித முகமும் சேர்ந்தே போயிருந்தது.

"எல்லாத்துலயும் கறையப் பூசி வெச்சிருக்கறானுக கண்ணு. அங்க வர்றவீக எம்பையனப் பாத்துச் சிரிக்கப்படாதுன்னு சுத்தமா எடுத்துப்போட்டேன், பாரு."

"படிக்காத கை பட்டா இப்படித்தான் நாசமாப் போகும்!"

அப்படித்தான் கத்தினேன். அப்பாகூட அதட்டவில்லை. படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

"அது கறை இல்லீங்களா?" என்றார் அம்மா, சூப்பர்வைசரிடம் கேட்கும் குரலில்.

கண்காட்சிக்கு நான் போகவில்லை. வீடு மாறியதில் தலைகள் தொலைந்தன; இப்போது கோவையில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டுக்குக் கடிதம் என்று எதுவும் வருவதுமில்லை. அம்மா வீடெல்லாம் பளிச்சென்று துடைப்பார். என் மேசையை மட்டும் தொடமாட்டார். எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அட, அதையெல்லாமா நெனப்புல வெச்சிருக்கற" என்று சிரிப்பார்.

போன வாரம் வண்டியைக் கிளப்பிய பிறகுதான் மேசைமேல் விட்டுவந்த தாள் நினைவுக்கு வந்தது. எடுத்துத் தரச் சொன்னேன். அம்மா உள்ளே போனார். வெறுங்கையோடு வெளியே வந்து பக்கத்து வீட்டுச் சிறுமியைக் கூப்பிட்டார்.

"ஏ அம்மணி, நீயி பள்ளிக்கூடம் போறவதான? அண்ணனோட மேச மேல இருக்கற காயிதத்தச் சித்த எடுத்துக் குடு, வா."