பெட்டி போட்ட ஊரடங்கு

என் மகன் கஜன் வீட்டுக்கு வந்தால் அவனை முதலில் வரவேற்பது நானல்ல, ஒரு பெட்டி. நாடுவிட்டு வந்து குடியேறிய கிரான்பர்னில், எங்கள் வரவேற்பறைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவில், வெள்ளையாய்க் குந்திக்கொண்டிருக்கிறது. வீட்டுக் கணினிகளில் உள்ளதையெல்லாம் வயரே இல்லாமல், வைஃபை வழியாக, பிரதி எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். கஜன் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்ததும் அதன் நீல விளக்கு சிமிட்டத் தொடங்கிவிடும். மற்ற நாள்களில் சிமிட்டாமல் எரியும். அந்த நாள்களில் இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அது தொலைக்காட்சியில் வருவதுதான்.

பெட்டியை வாங்கியவர் என் கணவர். கஜன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கணினி பழுதாகி, எழுதியதெல்லாம் போய், பிள்ளை அழுதுவிட்டான். மறுநாளே மனிசன் கடைக்கு ஓடினார். வைஃபையில் விட்டால் பிரதி எடுக்க மணிக்கணக்காகும். கூட வந்த கேபிளைக் கணினியில் கொழுவினால் கெதியில் முடிந்துவிடும். அவர் எப்போதும் கேபிள்தான், பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அவர் காலமாகி, மகனும் நகரத்தில் தனியாகக் குடிபோன பிறகு, அந்தக் கேபிளைக் குசினி லாச்சியில் கரண்டிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். கேட்டால், "எங்கை வைச்சனோ தெரியேல்லை" என்பேன். கஜனுக்கு வீடியோ எடுக்கிற வேலை. அவன் மாதமெல்லாம் சேர்ப்பது வைஃபையில் போய்ச்சேர அரைநாள் பிடிக்கும். அந்த அரைநாளும் பிள்ளை என் கண்முன்னால் இருப்பான். மாதத்தில் ஒருநாள் வருகிறவனை வேறு எதைச் சொல்லி மறிப்பது?

"முடிஞ்சுதா அம்மா?"

"இல்லையடா, இன்னும் மினுங்குது. சோறு போடட்டா?"

யாழ்ப்பாணத்தில் ஆட்களை மறிக்க இவ்வளவு பாடுபடவில்லை. பின்னேரம் யாராவது வந்து கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஊரடங்குச் சட்டம் போட்டுவிடுவார்கள். வந்தவர்கள் வந்தபடி மாட்டிக்கொள்வார்கள். "ஐயோ, இனி எப்பிடிப் போறது?" என்று சித்தி அங்கலாய்ப்பார். "எங்கை போறது? பேசாமல் இருங்கோ" என்று அம்மா இன்னும் இரண்டு சுண்டு அரிசி போடுவார். வெளியே ஆமி வண்டி இரைந்துகொண்டு போகும். எங்களுக்குப் பயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் ஆட்களுக்குப் பாய் விரிக்கும்போது அம்மாவின் முகத்தில் ஒரு சந்தோசம் இருந்ததைக் கண்டிருக்கிறேன். அப்போது அது எனக்கு விளங்கவில்லை. இங்கே ஊரடங்கு கிடையாது. நினைத்த நேரம் வரலாம், நினைத்த நேரம் போகலாம். போய்விடுகிறார்கள்.

போன மாதம் பெட்டி கரகரக்கத் தொடங்கியது. பயந்துபோய்க் கடைக்குப் போனேன். அங்கே நின்ற வெள்ளைக்காரப் பொடியன் புதியதொன்றைக் காட்டி, வைஃபையிலேயே சட்டென்று முடிந்துவிடும் என்றான்.

"ஹாவ் யூ காட் எ ஸ்லோ ஒன்?" என்று கேட்டேன்.

"யூ மீன் ஃபாஸ்டர், லவ்."

"நோ. ஸ்லோ."

பாவம், எனக்கு ஆங்கிலம் வராது என்று நினைத்துவிட்டான். "ஃபாஸ்ட் இஸ் குட்!" என்று உரத்த குரலில் சொல்லி, பெருவிரலையும் உயர்த்திக் காட்டினான். அவனிடம் போய் என்னத்தைச் சொல்ல? கரகரத்தால் கரகரக்கட்டும் என்று வெறுங்கையோடு திரும்பி வந்துவிட்டேன்.

போன ஞாயிறு கஜன் வந்தான். கணினியைத் திறந்துவைத்துவிட்டு, கதிரையில் இருந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அம்மா, சிட்னியிலை வேலை கிடைச்சிருக்கு. நெக்ஸ்ட் மந்த் போகோணும்."

"நல்லதுதானே" என்று வாய் சொன்னது. சிட்னியிலிருந்து மாதாமாதம் யார் வரப்போகிறார்கள்? இனி இந்தக் கள்ளத்தனம் எதற்கு என்று ஒரு வெறுப்பு வந்தது. குசினிக்குப் போய்க் கேபிளை எடுத்துவந்து மேசையில் போட்டேன்.

"இந்தா, கொழுவு. கெதியா முடியும். உனக்கு ஆயிரம் அலுவல் இருக்கும்."

அவன் திடுக்கிடவில்லை. "லாச்சிக்குள்ளை கிடந்ததுதானே? கரண்டி தேடேக்கை எப்பவோ கண்டனான்."

"பிறகு ஏன் ஒவ்வொருக்காலும் முடிஞ்சுதா, முடிஞ்சுதா எண்டு கேட்டனீ?"

"நீங்கள் 'இல்லை, இன்னும் மினுங்குது' எண்டு சொல்லுறதைக் கேக்கத்தான்." சிரித்தான். "அம்மா, என்ரை எல்லாம் கிளவுட்டிலை இருக்கு. இந்தப் பெட்டி எனக்குத் தேவையே இல்லை, யூ நோ."

கேபிளைச் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போனான். குசினி லாச்சி திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தான். "தேத்தண்ணி போடுங்கோ. முடிய இன்னும் நேரம் இருக்கு."

கேத்தில் இரைகிற சத்தத்தில் நான் அழுதது அவனுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

பின்னேரம் விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது. "போட்டு வாறன் அம்மா" என்றான். ஊரடங்கு எடுபட்ட காலைகளில் அம்மா படலையடியில் நின்று ஆட்களை அனுப்பிவைப்பார். நான் கராஜ் வாசலில் நின்று கையசைத்தேன். கார் தெருமுனையில் திரும்பும்வரை நின்றேன்.

உள்ளே வந்து, கணவருடைய பழைய மடிக்கணினியைத் தேடி எடுத்து, மகன் இருந்த கதிரையில் இருந்து திறந்தேன். ஊர் விறாந்தையில் அம்மா நிற்கும் படமும், இந்த வீட்டுத் திறப்புச் சாவியை வாங்கிய அன்று எடுத்த படமும் அதில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பெட்டி கரகரத்தது. நீல விளக்கு சிமிட்டத் தொடங்கியது. நான் கேபிளைத் தேடிப் போகவில்லை. எனக்கென்ன அவசரம், எங்கை போறது?