தூளித்தடம்

இமாசலத்து மலைச்சரிவு ஒன்றில், எண்ணினால் பத்து வீடுகூடத் தேறாத ஓர் ஊருக்குள் அரசுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றபோது நிர்மலாவுக்கு வயிறு எரிந்தது.

பனிமலையைப் பார்க்கத்தான் அவளும் கணவன் மாதவராஜும் தருமபுரியிலிருந்து மாருதி வேனில் கிளம்பி, நாட்டின் பாதியைக் கடந்து அங்கே வந்திருந்தார்கள். மலை தலைக்கு மேலே வெள்ளை வெளேரென்று நின்றது. நிர்மலா அதைப் பார்க்கவில்லை. தார் ரோட்டைப் பார்த்தாள். பேருந்திலிருந்து இறங்கிய ஒரு பெண் தன் கேஸ் சிலிண்டரை வாசல்வரை உருட்டிக்கொண்டே போனதைப் பார்த்தாள்.

"ஏங்க, இது எங்கூர விட ஒசரந்தானே?"

"பல மடங்கு ஒசரம். ஏன் மே?"

"இங்க பஸ்ஸு வருது."

மாதவராஜ் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். "வா, வெயில் ஏறதுக்குள்ள மேல போயிட்டு வந்துடலாம்."

"நான் வரல. நீங்க ஏறுங்க. நான் ரோட்டுலயே ஒக்காந்திருக்கறேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

நிர்மலா பிறந்த சீங்காடு, ஏரியூரைத் தாண்டி மலைமேல் இருக்கும் சிற்றூர். சாமையும் கேழ்வரகும் புளியும் விளையும். ஓட்டுப் பெட்டி மட்டும் தேர்தல்தோறும் தவறாமல் மேலே ஏறிவிடும். மற்றதெல்லாம் மனிதர்களின் தலையிலும் தோளிலும்தான். மூட்டை ஏறும். நோயாளி இறங்குவார்.

குழந்தையை ஆட்டும் சேலைத் தொட்டிலை இந்தப் பக்கமெல்லாம் தூளி என்பார்கள். சீங்காட்டில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கம்பளியின் இரு முனைகளையும் நீள மூங்கிலில் கட்டி, உள்ளே நோயாளியைக் கிடத்தி, முன்னும் பின்னுமாக ஆண்கள் தோள் கொடுத்து இறக்குவார்களே, அதுவும் தூளிதான். இறங்கும் வழிக்குத் தூளித்தடம் என்று பெயர். ஒருவரைத் "தூளியில போனவர்" என்று சொன்னால், அவர் திரும்பி வந்தாரா என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.

நிர்மலாவின் அப்பாவை அப்படித்தான் இறக்கினார்கள். கடுமையான வயிற்றுவலி. அவள் பள்ளிக்கூடப் பெண். தண்ணீர்ச் செம்போடு கூடவே ஓடினாள். பாதித் தடத்தில் அவர் முனகல் நின்றது. வலி அடங்கிவிட்டது என்று தூக்கியவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அடங்கியது வலி மட்டுமல்ல என்பதைக் கீழே டாக்டர்தான் சொன்னார். குடல்வால் வெடித்திருந்தது. பின்னால் அவள் நர்சிங் படித்தபோது, அது எவ்வளவு சின்ன அறுவைசிகிச்சை என்பதைப் பாடமாக எடுத்தார்கள். வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. கம்பைநல்லூர்க்காரனான மாதவராஜ் அதே ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தினான். கை ஒடிந்த ஒரு மாணவனைக் கூட்டிவந்தவன், அந்தக் கை கூடிய பிறகும் வந்துகொண்டேயிருந்தான். அப்படித்தான் கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதன்தான், வாய்தான் கொஞ்சம் அதிகம். ஊருக்கெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த அவன், மாமியார் வீட்டுக்கு மட்டும் ஒருநாளும் வண்டியில் போனதில்லை. அதை ஒரு வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தான்.

வேனின் பின்சீட்டைக் கழற்றி மெத்தை போட்டு, ஓர் அடுப்பும் வைத்துக்கொண்டு, வழியில் மலை கண்ட இடத்தில் எல்லாம் நிறுத்தி ஏறுவது என்பது அவன் கனவு. இருவரும் விடுப்பைச் சேர்த்து வைத்துக் கிளம்பினார்கள். முதல் மலை சீங்காடு. அம்மா செல்லம்மாளிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். தம்பி முனிராஜின் மனைவி சசிகலா பிள்ளைத்தாய்ச்சி, அவளையும் பார்க்க வேண்டும். மூடுபனிக் காலையில், அழைத்துப்போகக் கீழே வந்திருந்த முனிராஜோடு ஏறும்போது மாதவராஜ் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே வந்தான்.

"மாப்ள, இந்தத் தடத்துக்கு என்ன பேரு?"

"தூளித்தடம் மாமா."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. முனிராஜும் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தை எதற்குச் சொல்ல வேண்டும்? நிர்மலா வெகு தூரம் முன்னால் போய்விட்டிருந்தாள்.

அப்புறம் மகாராட்டிரத்துக் கோட்டை மலைகள், ராஜஸ்தானத்து மொட்டைப் பாறைகள். எல்லா இடத்திலும் கம்பு ஊன்றிய கூட்டம், விலையுயர்ந்த பைகள், செல்ஃபி. ஒரு கோட்டை வாசலில் யாரோ விசாரித்தபோது மாதவராஜ் பெருமையடித்தான்: "இவ பொறந்ததே மலையிலங்க. பள்ளிக்கூடத்துக்கே ட்ரெக்கிங்தான் போனா!" எல்லோரும் சிரித்தார்கள். நிர்மலாவும் சிரித்துவைத்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

இமாசலத்து ரோட்டோரத்தில் அவள் உட்கார்ந்திருந்த அந்தக் காலையில்தான் முனிராஜிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, மாமா போட்ட வீடியோவ லச்சக்கணக்குல பாத்துட்டாங்களாம். ஞாயித்துக்கெழமையானா அடிவாரத்துக்குக் காரு காரா வருது. ஏறி வந்து நம்மூட்டு வாசல்ல நின்னு போட்டோ எடுக்கறானுங்க."

"வந்தா வந்துட்டுப் போறாங்க வுடு."

"ரோட்டுக்குன்னு அளந்து கல்லு நட்டாங்களே, அதப் புடுங்கிட்டாங்க அக்கா. ரோடு போட்டா தடத்தோட அழகு கெட்டுடுமாம். டூரிஸ்ட் கம்பெனிக்குக் குடுத்தாச்சு. கீழ கேட்டு போட்டு டிக்கெட் வெக்கறான்."

எத்தனை வருசம் ஊர்ச்சனம் நடையாய் நடந்து வாங்கிய அளவுக்கல்! நிர்மலா போனை வைத்துவிட்டு வீடியோவைப் போட்டாள். கணவனின் குரல் குழைந்து குழைந்து வந்தது.

"நண்பர்களே, இதுக்குப் பேரு தூளிப்பாதை. என்ன அழகான பேரு பாருங்க! தூளியில போட்டுக் கொழந்தையத் தாலாட்டுற மாதிரி இந்த மலை நம்மளத் தாலாட்டுது. தார் ரோடு இல்ல, ஹாரன் சத்தமில்ல. இது இப்படியே இருக்கட்டும்!"

மலையிலிருந்து இறங்கி வந்தவனிடம் அவள் செல்போனை நீட்டினாள்.

"இப்படியே இருக்கட்டும்னு சொன்னீங்களா?"

"அது... பேச்சு வேகத்துல வந்துடுச்சு மே. ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"எங்கப்பன் செத்தது அந்தத் தூளியில."

"ஏரியூர் ஆஸ்பத்திரியிலதான..."

"ஆஸ்பத்திரிக்குப் போனது பொணம். தூளியில கொண்டாந்தோம்னு உங்ககிட்ட எத்தன வாட்டி சொல்லியிருக்கறேன்? என்னான்னு நெனச்சீங்க? தொட்டில்ல போட்டு ஆட்டிக்கிட்டு வந்தோம்னா?"

அவன் செல்போனைக் கையில் வாங்கிக்கொண்டான். "ஏதோ ஸ்ட்ரெச்சர் மாதிரி ஆஸ்பத்திரிச் சாமான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றான் மெதுவாக.

"வருசாவருசம் மாமியா வூட்டுக்கு ஏறி எறங்குனீங்களே, ஒருநாளாவது கேட்டீங்களா? நீங்க நடந்தா அதுக்குப் பேரு ஹைக்கிங்கு. நாங்க நடந்தா அதுக்கு வேற வழியில்லன்னு பேரு."

அவன் அங்கேயே வீடியோவை அழித்தான். பயனில்லை. அது பல பேர் கைமாறி, பாட்டுச் சேர்த்து, யார் யாரோ குரலில் ஓடிக்கொண்டிருந்தது.

இதில் மாதவராஜை மட்டும் நிறுத்திவைத்து அடிப்பது சுலபம். அவன் ஒரு சொல்லைத் தெரியாமல் பிசகினான். தெரிந்தே அதைப் பிடித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்களே! வீட்டு வாசல்வரை கார் போகிற ஊரில் வசிக்கிறவர்கள்தான், அடுத்தவன் ஊருக்குக் கார் போனால் அழகு கெடும் என்று முடிவு செய்கிறார்கள். அந்த அழகுக்கு வாடகையாக ஒரு பெண் ரத்தம் சிந்தினால் அவர்களுக்கென்ன?

திரும்பி வரும் வழியில் அவர்கள் எந்த மலையிலும் நிறுத்தவில்லை. நாக்பூர் தாண்டும்போது டூரிஸ்ட் கம்பெனியிலிருந்து போன். திறப்பு விழாவாம். பாதையை உலகுக்குக் காட்டிய மாதவராஜ்தான் சிறப்பு விருந்தினராம்.

"வரலன்னு சொல்லிடறேன்" என்றான்.

"வரேன்னு சொல்லுங்க. சொன்ன வாயாலயே மாத்திச் சொல்லுங்க. ஆபீசர் இருக்கறப்பவே சொல்லுங்க. ரோடு வேணும்னு கேளுங்க."

விழா நாளன்று மலையடிவாரத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள், ஒலிபெருக்கி அலறியது. 'தூளிப்பாதை: மலையின் தாலாட்டு' என்று பெரிய பேனர். தடத்தின் வாயில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இடையில் இரும்புக் குழாய் வேலி. அதில் ஆள் ஒருவர் மட்டும் நுழையும் சுழல்கதவு. பக்கத்தில் பூட்டுப் போட்ட சின்ன கேட். கம்பெனி மேலாளர் பெயர் அறிவழகன். பெயரில் இருந்ததோடு சரி. ராகு காலம் முடியட்டும் என்று எல்லோரையும் காக்கவைத்திருந்தார். ஜீப்பில் வந்த அதிகாரியும், படித்து உத்தியோகம் பார்க்கிற மனிதர், மறுபேச்சில்லாமல் காத்திருந்தார். சாவி, குங்குமம் இட்ட பூசைத்தட்டில் கிடந்தது.

மாதவராஜ் அதிகாரியிடம் போய் நின்றான். "சார், நான் அந்தப் பேரத் தப்பாச் சொல்லிட்டேன். அது நோயாளியத் தூக்கற தூளி. இந்த சனத்துக்கு ரோடுதான் வேணும்."

"அதெல்லாம் சோகமான விசயங்க. டூரிஸ்டுக்கு எதுக்கு?" என்றார் அதிகாரி. "நீங்க வீடியோவுல சொன்னதே நல்லாயிருந்துச்சு. அதையே பேசுங்க."

நிர்மலா வாயைத் திறப்பதற்குள் மேலே இருந்து சத்தம் கேட்டது. "வழி! வழி வுடுங்க!"

மூங்கில் முதலில் தெரிந்தது. முன்னால் தோள் கொடுத்திருந்தவன் முனிராஜ். பின்னால் தலைமுடி அவிழ்ந்து கிடக்க ஓடிவந்தாள் செல்லம்மாள். தூளிக்குள், வயிற்றுப் பிள்ளையோடு சசிகலா.

சுழல்கதவு ஒரு ஆளை விடும். மூங்கிலை விடாது. இந்தப் பக்கம் திருப்பினார்கள், அந்தப் பக்கம் திருப்பினார்கள். மூங்கில் குழாயில் இடித்து இடித்து நின்றது. "எறக்கி நடத்திக் கூட்டிட்டு வாங்களேன்" என்றார் கூட்டத்தில் ஒருவர். நிர்மலா சுழல்கதவு வழியாக உள்ளே பாய்ந்து கம்பளியை விலக்கினாள். கம்பளி முழுக்க ரத்தம்.

"நிக்க வெக்காதீங்க! படுத்தபடியே வரணும். அந்தச் சின்ன கேட்டத் தெறங்க!"

அறிவழகன் தட்டோடு நெளிந்தார். "மேடம், ஒரே ஒரு பத்து நிமிசம். ராகு காலம் முடிஞ்சுடும். மொதமொத தெறக்கறோம். மொதல் போணியே ரத்தமா இருந்தா எப்படிங்க?"

"போணியா?" என்றாள் நிர்மலா. "என்னடா சொன்ன? போணியா?"

கம்பிக்கு நடுவே கைவிட்டுச் சாவியை எட்டினாள். அந்த மனிதர் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆமாம், அந்த நேரத்திலும் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

மாதவராஜ் யாரிடமும் கேட்கவில்லை. வேனைப் பின்னுக்கு எடுத்து வந்தான். கயிறு எங்கே என்று தடுமாறியவனுக்கு, "டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி!" என்று வேலிக்கு உள்ளேயிருந்து கத்தினாள் நிர்மலா. ஒரு முனையைச் சின்ன கேட்டிலும் மறுமுனையை வண்டியிலும் முடிந்தான். "ஒதுங்குங்கய்யா!" என்றான். இரண்டாவது இழுப்பில் கேட், கீலோடு பெயர்ந்து விழுந்தது. வாழைமரமும் பேனரும் கூடவே சாய்ந்தன. காடு மலையெல்லாம் சுற்றிவந்த மெத்தையில் சசிகலாவைக் கிடத்தினார்கள்.

சசிகலா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. கேட்டில் நின்ற நேரத்தால் அல்ல, மலையிறங்கிய நேரத்தால் என்றார் டாக்டர்.

மருத்துவமனை வராந்தாவில் செல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "எல்லாம் எங்க தலையெழுத்து கண்ணு."

"தலையெழுத்து இல்லம்மா. கையெழுத்து. ஆபீசுல ஒருத்தன் போடாத கையெழுத்து" என்றாள் நிர்மலா.

கேட்டைச் சேதப்படுத்தியதாக மாதவராஜ் மேல் வழக்குப் பதிவாயிற்று. நிர்மலா காவல் நிலையத்துக்குப் போய், கயிறு இருக்குமிடம் சொன்னது தான்தான், தன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றாள்.

"எதுக்கும்மா நீங்களே வந்து மாட்டிக்கறீங்க?" என்றார் எழுத்தர்.

"கோர்ட்டுல நிக்க வெச்சாத்தான் எங்கள என்னான்னு கேப்பாங்க. ஆபீசுல யாரும் கேக்கறதில்லிங்க."

அவர் யோசித்துவிட்டு எழுதிக்கொண்டார். அடுத்த நாள் தூளி தூக்கிய நான்கு பேரும் மலையிறங்கி வந்து தங்கள் பெயரையும் எழுதச் சொன்னார்கள்.

புது கேட் மறுவாரமே வந்துவிட்டது. முன்னதைவிடக் கனமான இரும்பு. சிமென்ட் லாரி வந்துபோக அடிவாரம்வரை ஜல்லிகூடப் போட்டார்கள். மலைமேல் ரோடு 'பரிசீலனையில்' இருக்கிறது.

நிர்மலா வார விடுமுறை நாளில் அந்த கேட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறாள். ஷூ போட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் சசிகலாவைப் பற்றிச் சொல்கிறாள். மாதவராஜ் பக்கத்தில் நிற்கிறான். அவள் மறந்ததை எடுத்துக்கொடுக்கிறான், தானாக எதுவும் பேசுவதில்லை. சிலர் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். நிறையப் பேர், "பாவம்" என்று சொல்லிவிட்டு டிக்கெட் வாங்குகிறார்கள்.

கூட வேலை செய்யும் ஜெயராணி ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கேட்டாள்: "எத்தன மாசம் ஆச்சு நிர்மலா, இன்னுமா உனக்குக் கோவம் தீரல?"

"ரோடு போட்டுட்டாங்களா?"

"இல்லியே."

"அப்பறம் என்ன கேள்வி கேக்கற?" என்று சொல்லிவிட்டு, நிர்மலா டப்பாவை மூடிக்கொண்டு வார்டுக்குப் போனாள்.