மிச்ச மருந்து

"என் கையெழுத்து மேல சந்தேகம்னா நீயே போய் ஊசி போடு. எனக்கு வேற ஜோலி இருக்கு."

மின்னல் இப்படிச் சீறியது தன்னோடு வேலை பார்த்த சின்ன நர்ஸிடம். அந்தப் பெண் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. போதை தரும் வலி ஊசியில் நோயாளிக்குப் போட்டது போக மிச்சத்தைத் தன் கண் முன்னால் தொட்டியில் கொட்டச் சொன்னாள். விதியும் அதுதான். ஒருத்தி கொட்ட வேண்டும், இன்னொருத்தி பார்க்க வேண்டும், அப்புறம் இரண்டு பேரும் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எந்த வார்டில் அதற்கு நேரம் இருக்கிறது? சின்னவள் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். மிச்சம் தொட்டிக்குப் போகவில்லை. மின்னலின் தொடைக்குப் போனது.

மின்னல் என்பது வார்டு வைத்த பேர். குத்தினது தெரிவதற்குள் பஞ்சை அழுத்திவிட்டுப் போய்விடுவாள், அவ்வளவு கைவேகம். கனத்த நோயாளி ஒருவரைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்தது. அந்த வலிக்கென்று ஆரம்பித்தவள் வலி போன பிறகும் விடவில்லை. இடுப்பு மேல் பழி போட்டு என்ன? திருட்டு திருட்டுதான். ஆரம்பித்த எட்டாம் மாதம் அகப்பட்டாள். உரிமம் போனது. பார்க்காமல் கையெழுத்துப் போட்ட சின்னவளுக்கும் வேலை போனது. அதை நினைத்தால்தான் மின்னலுக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

மூன்று மாதம் போதை மீட்பு விடுதியில் கிடந்து வாந்தியும் வேர்வையுமாய் எழுந்தாள். பதினாலு மாதம் சலவைக்கடையில் படுக்கை விரிப்பு தேய்த்தாள். கூப்பிட்ட நாளிலெல்லாம் போய்ச் சோதனைக்கு மூத்திரம் கொடுத்தாள். கடைசியில் உரிமம் தருகிற நர்ஸ் கவுன்சில் இறங்கி வந்தது: ஆறு மாதம் திரும்பப் படி, மருந்து அலமாரிச் சாவியைத் தொடாதே, வலி மருந்தை இன்னொருவர் கண்ணெதிரே மட்டும் கையில் எடு, ஒரே ஒரு புகார் வந்தாலும் ஆயுசுக்கும் உரிமம் கிடையாது.

வகுப்பில் எல்லாம் அவள் மகள் வயசை ஒட்டிய பெண்கள். வீட்டில் சாப்பாட்டு மேசையில் மகள் கணக்குப் போடுவாள், எதிரே அம்மா மருந்து அளவு போடுவாள். ராத்திரிக்குள் அம்மாவின் தப்புகளை மகள் சிவப்பு மையில் சுழித்துவிடுவாள். நாத்தனார் வந்து தங்கியபோது தலைவலி மாத்திரையைக்கூடப் பீரோவில் வைத்துப் பூட்டினாள், அதுவும் மின்னல் பார்க்கும்படி.

"பூட்டுங்க அண்ணி, நல்லதுதான். சாவிய மட்டும் எங்கிட்ட காட்டாதீங்க" என்றாள் மின்னல்.

வார்டுப் பயிற்சி முடிய ஒன்பது நாள் இருக்கும்போது வந்தது சோதனை. பெரிய நர்ஸ் அலமாரியைத் திறந்து வலி மருந்து எடுத்தார். இருவருமாக நோயாளிக்குப் பாதி போட்டார்கள். அந்நேரம் கடைசிக் கட்டிலில் ஒருவர் மூச்சுத் திணறினார். பெரிய நர்ஸ் புத்தகத்தில் கையெழுத்தை இழுத்துவிட்டு, "மிச்சத்த நீயே ஊத்திடு" என்று ஊசிக்குழாயை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

கையில் அரை ஊசி. புத்தகத்தில் கையெழுத்து ஆயிற்று. கழிவறை ஆறடி தூரம். மின்னலுக்குத் தொடை தன்னால் துடித்தது. வேண்டாம் என்று உடம்பு சொன்னதாகப் பொய் சொல்வானேன்? வேண்டும் என்றுதான் கத்தியது.

அவள் ஊசிக்குழாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வார்டின் நட்டநடுவில், பதினாறு கட்டிலுக்கும் தெரிகிற மாதிரி போய் நின்றாள்.

காலொடிந்த லாரிக்காரர் கேட்டார்: "என்னம்மா, கொடி பிடிக்கிற?"

"ஆமாண்ணே. கண்ண எடுக்காம பாத்துக்கிட்டே இருங்க."

கால் மணி நேரம். தோள்பட்டை கழன்றது. பெரிய நர்ஸ் வந்து பார்த்து முகம் கறுத்துப்போனார். உன்னை நம்பித்தானே கொடுத்தேன், ஊரைக் கூட்டி மானத்தை வாங்குகிறாயே என்று கடிந்தார்.

"நம்பாதீங்கக்கா. என்னை நம்பின ஒருத்தி வேலையில்லாம வீட்ல உக்காந்திருக்கா. வந்து பாருங்க, ஊத்தறேன்."

ஊற்றினாள். கையெழுத்து மணி பத்து பத்துக்குப் போட்டது. கொட்டியதோ பத்து இருபத்தைந்துக்கு. நீயும் பத்து பத்து என்றே எழுதிவிடு, இல்லையென்றால் உன் பேரில் நான் புகார் எழுத வேண்டிவரும் என்றார் பெரிய நர்ஸ். எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மின்னல் பத்து இருபத்தைந்து என்றே எழுதினாள்.

மறுநாள் பயிற்சி ஆசிரியை புத்தகத்தைப் புரட்டி, இரண்டு நேரம் ஏன் என்று கேட்டார். மின்னல் நடந்ததை நடந்தபடி சொன்னாள், தொடை துடித்ததையும் சேர்த்து. ஆசிரியை நேராக வார்டுக்குப் போனார். லாரிக்காரர், நான் கண்ணை எடுக்கவில்லை என்று பெருமையாகச் சாட்சி சொன்னார். புகார் எழுதப்படவில்லை. பெரிய நர்ஸ் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள், "வா, வந்து பாரு, நான் ஊத்தறேன்" என்று கூப்பிட்டார்.

பயிற்சி முடிந்தது, உரிமம் திரும்பத் தரலாம் என்ற தாளில் ஆசிரியை கையெழுத்திட்ட அன்று சாயங்காலம் மின்னல் கடைத்தெருவுக்குப் போனாள். புத்தகத்தில் நேரம் பார்த்து எழுத, மார்பில் குத்திக்கொள்கிற நர்ஸ் கடிகாரம் ஒன்று வாங்கினாள், நொடிமுள் சிவப்பாக இருக்கிறதாகப் பார்த்து. கடைக்காரர் நானூறு சொன்னார்; பேரம் பேசி முந்நூற்று அறுபதுக்கு முடித்தாள்.