கேட்காத கேள்வி

பெங்களூரில் ஒரு கீமோ வார்டில் நான் நர்சாகச் சேர்ந்த புதிதில், ஜோகுபாளையத்திலிருந்து ஒரு தையல்காரர் மருந்து ஏற்றிக்கொள்ள வருவார். ஒல்லியான மனிதர். எப்போதும் தேய்த்த முழுக்கைச் சட்டைதான் போட்டிருப்பார்.

அவருக்கு ஏற்றிய மருந்து புற்றுநோய்ச் செல்கள் பெருகுவதைத் தடுக்கும். கூடவே விரல் நரம்புகளையும் கெடுக்கும். ஒவ்வொரு முறையும் விரல் மரத்துப்போகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். வேலை நெருக்கடியில் நான் கேட்காமலே படிவத்தில் ‘இல்லை’ என்று குறித்துவந்தேன்.

ஐந்தாம் முறை, ஊசி போடுவதற்காகக் கைப்பட்டனைக் கழற்ற முடியாமல் திணறினார்.

“சீக்கிரம்ண்ணா, நெறைய பேர் வெயிட் பண்றாங்க,” என்றேன்.

“வெரல் மரத்துப்போச்சு சிஸ்டர். ரெண்டு மாசமா தைக்க முடியல.”

“ஏன் சொல்லல?”

“நீங்க பிஸியா இருந்தீங்க. மருந்துன்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் படிவத்தைப் புரட்டினார்.

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா டோஸைக் குறைச்சிருக்கலாமே. போன தடவைகூட இல்லன்னு போட்டிருக்கு?”

நான் வாய் திறப்பதற்குள் தையல்காரர் சொன்னார்: “சிஸ்டர் கேட்டாங்க சார். நான்தான் சொல்லல.”

அவர் ஏன் என்னைக் காப்பாற்றினார் என்று இன்றும் தெரியவில்லை. அவர் சொன்னது பொய் என்று நான் டாக்டரிடம் சொல்லவில்லை.